எதிரிலிருந்து வருவது

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில்
வாரம் ஒருமுறை வரும் பதினாறு பக்கப் பத்திரிகைக்குத்
தலைப்பு போடுகிறவள் மெல்வினா பட்ஜெல்.
'லூம்' என்ற சொல்லை
இதழுக்கு ஒருமுறைதான் அனுமதிப்பாள்.
உப்பு மாதிரி என்பாள்,
ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கியபடி.

ஆங்கிலத்தில் நாலே எழுத்து.
ஒற்றைப் பத்தியில் கச்சிதமாக உட்காரும்.
நடுவில் இரண்டு வட்டங்கள்,
மூடுபனிக்குள்ளிருந்து வரும் லாரியின் விளக்குகள்.
லாரி இன்னும் வரவில்லை.
அதுதான் அந்தச் சொல்லின் வேலை:
இன்னும் வராததைப் பெரிதாக்கிக் காட்டுவது.

வேலைநிறுத்தம் லூம் ஆகிறது.
பற்றாக்குறை லூம் ஆகிறது.
படகுச் சேவை ரத்து, நூலகத்துக்குப் பூட்டு,
தேர்தல், இடுப்பெலும்பு ஆபரேஷன்.
கல்யாணம் லூம் ஆவதில்லை
(சிரில் ஹானின் மூன்றாவது கல்யாணம் நீங்கலாக).
சம்பள உயர்வு லூம் ஆகி
எந்த ஊரிலும் யாரும் படித்ததில்லை.

தமிழில் இதைக் 'கவிகிறது' என்று எழுதிப் பார்த்தேன்.
அடித்துவிட்டேன்.
கவிவதற்கு மேலிருந்து வர வேண்டும்,
இருள் மாதிரி, மேகம் மாதிரி.
இது எதிரிலிருந்து வருவது.
நம் உயரத்தில் தொடங்கி
நம்மைவிட உயரமாகிக்கொண்டே வருவது.

அவள் கணவன் ஹெட்லி நண்டுப் படகுக்காரன்.
அவன் வாயில் அதே சொல் வேறு.
கலங்கரை விளக்கு தெரிவதற்கு முன்னால்,
அது அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே,
அதன் வெளிச்சம் மட்டும்
வானத்தின் ஓரத்தைத் தடவிவிட்டுப் போகும்.
அதுதான் லூம்.
விளக்கு அல்ல; விளக்கு இருக்கிறது என்ற தகவல்.
முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில்
இதைப் பற்றி அவர்கள் சண்டை போட்டதே இல்லை.
இரண்டும் ஒரே சொல் என்று
அவளுக்குத் தோன்றியதில்லை.

ஜூன் மாதம், செவ்வாய் இரவு, பக்கம் முடிக்கும் நேரம்.
முதல் பக்கத்தில்
*நண்டு ஆலை மூடல் லூம் ஆகிறது.*
வாரத்தின் உப்பு தீர்ந்தது.
மதியம் ஹெட்லியின் படகில் எஞ்சின் நின்றதாகச் செய்தி.
பிறகு ரேடியோவில் பேச்சில்லை.
வெளியே நாள் முழுக்கப் பனி,
பனிக்குள் எங்கேயோ ஒரு பனிமலை,
காலையில் பாதிரியார் பார்த்ததாகச் சொன்னது,
அவர் பள்ளிக்கூடத்தை அளவாகக் காட்டியது.
அது இப்போது எப்படி நிற்கும் என்பதற்கு
ஒரு சொல் இருந்தது.
அவள் அதை நினைக்கவில்லை.
ஆறாம் பக்கத்தில் டயர் விளம்பரத்தை
அரை அங்குலம் நகர்த்தினாள்.
திரும்ப நகர்த்தினாள்.

நள்ளிரவுக்கு மேல் காற்று மாறியது.
இரண்டு மணி பத்து நிமிடம்.
ஜன்னலோர ரேடியோ இருமியது,
இருமலுக்குள் ஒரு குரல்,
இறால் குழம்பைப் பற்றிச் சொல்வதைப் போலச்
சாவகாசமாக:
"லூம் தெரியுது, மெல்."

அவள் எழுந்து நின்றாள்.
யாரும் இல்லாத அறையில் எதற்கு எழுந்தாள் என்று
அப்புறம் அவளுக்கே வெட்கம்.
முதல் பக்கத்தில் கை வைக்கவில்லை.
அச்சுக்கு அனுப்பினாள், அப்படியே.

ஆலை மூடியதா என்றால், மூடியது.
செப்டம்பரில், நூற்றுப்பத்துப் பேருக்கு.
சொல்லைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதற்கு முன்னால் ஆகஸ்டில்
பதினொன்றாம் பக்கத்தின் மூலையில்,
சர்ச் சூப் விருந்து அறிவிப்புக்குக் கீழே, ஒரு வரி:
*பேக்ஆப்பிள் பழக்காலம் லூம் ஆகிறது.*

மூன்று தொலைபேசி அழைப்புகள்.
இரண்டு பேர் எழுத்துப்பிழை என்றார்கள்.
மூன்றாவது, முதியோர் இல்லத்திலிருந்து ஒரு மிஸஸ் ஃபட்ஜ்,
குரலைத் தாழ்த்தி,
ஏதோ சாவுச் செய்தி விசாரிப்பதைப் போல:
"இந்த வருஷம் பழத்துக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒன்றும் ஆகவில்லை," என்றாள் மெல்வினா.
"கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது."